நல்லா கவனிங்க

ஆனைத்துறை டவுன் காவல் நிலையத்துக்கு அரசாங்கம் அனுப்பி வைத்த இயந்திரத்தின் பெயர் 'நற்றுணை'. வந்த வாரத்திலேயே அது 'நாத்தனார்' ஆகிவிட்டது. பெயர் மாற்றியவர் ஏட்டு மரியதாஸ். ஏன் என்று கேட்டால், "எல்லாத்தையும் பார்க்குது, எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்குது, நம்ம வீட்டுக்குள்ளயே உட்கார்ந்துக்கிட்டு நம்மளைப் பத்தி மேல சொல்லுது. வேற என்னன்னு கூப்பிடுறது?" என்பார். அவர் வீட்டு நிலவரம் அப்படி.

பார்வைக்கு அது ஒன்றும் பிரமாதமில்லை. இன்ஸ்பெக்டர் மேசைமேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, கூரையில் மூலைக்கு மூலை கேமரா, அவ்வளவுதான். ஆனால் லாக்கப் முதல் பாத்ரூம் வரை எல்லாக் கதவுகளின் பூட்டும் அதன் பொறுப்பில் இருந்தது. ஸ்டேஷனுக்குள் அதிகாரி யார் என்ன உத்தரவு போட்டாலும், அதனால் யாருக்கும் ஆபத்து இல்லாத வரை, அது கேட்கும், செய்யும், செய்ததை மேலிடத்துக்குச் சொல்லும். அணைக்க முடியாது. பாத்ரூமுக்குள் மட்டும் அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதே என்று சட்டம் போட்டவர்கள் விட்டு வைத்த சலுகை அது. அந்தச் சலுகையை ஆனைத்துறை போலீசார் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள்.

நாத்தனாருக்கு ஒரு குறை உண்டு. அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் புத்தகத்திலிருந்தே கற்றுக்கொடுத்திருந்தார்கள். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசும். "வணக்கம். தங்கள் வருகை பதிவு செய்யப்பட்டது" என்னும். பேச்சுத் தமிழ் அதன் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. போலீஸ் தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

போலீஸ் தமிழ் தனி மொழி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'உட்கார வை' என்றால், கேஸ் எதுவும் போடாமல் பெஞ்சில் காயப்போடு என்று அர்த்தம். 'டீ செலவு' என்பதில் டீ இருக்காது. 'கவனி' என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் எல்லாம் அதை வாங்கியவர்கள்தான்.

மார்க்கெட்டில் தகராறு செய்த ஒரு குடிமகனைக் கூட்டி வந்தபோது எஸ்.ஐ. பரஞ்சோதி வழக்கம்போல, "நல்லா கவனிச்சு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னது ஏட்டையாவிடம். கேட்டது நாத்தனார். ஏட்டையா லத்தியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தார். எதிர்க் கடையிலிருந்து மோரும் அதன் பின்னால் சூடாகப் பரோட்டாவும் வந்தன. கடைசியில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "கவனிப்பு நிறைவேற்றப்பட்டது" என்று அறிவித்தது நாத்தனார். மறுநாள் காலையில் அந்த ஆள் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு தானாகவே வந்து நின்றான். "நேத்து கவனிச்சீங்களே, இன்னிக்கும் உண்டுங்களா?" என்று கேட்டான். பரஞ்சோதிக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

பரஞ்சோதியைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளம் வந்த வருஷம் கழுத்தளவு தண்ணீரில் கர்ப்பிணிப் பெண்ணைத் தூக்கி வந்தவர் அவர்தான். ஆனால் மேலிருந்து விழும் நெருக்கடியைத் தன்மேல் வைத்துக்கொள்ளத் தெரியாது. அப்படியே கீழே இறக்கிவிடுவார். கீழே எப்போதும் யாரோ ஒருவருடைய வலது கை இருக்கும்.

இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி விஷயம் வேறு. சர்வீஸில் அவர் யார்மேலும் கை வைத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கை வைக்கிற நேரம் வந்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது யாராவது பாத்ரூமில் வழுக்கி விழுந்திருப்பார்கள். "அடடா" என்பார். மாவுக்கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டார்.

அவருக்கும் காரணம் இருந்தது. மாற்றலாகி மாற்றலாகி ஊர் ஊராகப் போனதில் அவர் வீட்டு கிரைண்டர் வருஷக்கணக்கில் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. ஆனைத்துறையில்தான், இனி இங்கேயே இருப்போம் என்ற தைரியத்தில் அதை வெளியே எடுத்து, பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். அதை ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொல்லவும் செய்தார். மகள் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சொந்த மாவில் இட்லி வேக ஆரம்பித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து சேர்மன் வீட்டில் வைரத்தோடு காணாமல் போனது.

சேர்மன் என்றால் ஆனைத்துறையில் ஒரே சேர்மன்தான். அவர் மனைவியின் தோடு. அந்த வாரம் வெளியாள் என்று வீட்டுக்குள் வந்தது ஏசி ரிப்பேர் செய்த தவசி மட்டும். தவசிக்கு நாற்பது வயது இருக்கும். நெட்டையான ஆள், ஒரு வார்த்தைக்கு இரண்டு 'மேடம்' போட்டுப் பேசுகிற சுபாவம். கூட்டி வந்து உட்கார வைத்து இரண்டாம் நாள் காலையில் டி.எஸ்.பி. போன் செய்தார். ஸ்டேஷனுக்கு வரும் போன் எல்லாம் நாத்தனார் வழியாகத்தான் வரும், அறை முழுக்கக் கேட்கும்.

"ஏம்மா செண்பகவல்லி, தோடு என்னாச்சு?"

"ஆளை உட்கார வச்சிருக்கோம் சார். எடுக்கலைங்கிறான்."

"எடுத்தேன்னா சொல்லுவான்? சேர்மன் எனக்கு மணிக்கொரு தடவை போன் போடுறார். எனக்கு மேல இருக்கிறவங்களுக்கும் போடுறார். சாயங்காலம் அந்தம்மா காதுல தோடு இருக்கணும். இல்லைன்னா நீங்க ஆனைத்துறையில இருக்க மாட்டீங்க. ஆளை நல்லா கவனிங்க."

"உத்தரவு ஏற்கப்பட்டது" என்றது நாத்தனார்.

சிறிது நேரத்தில் தவசிக்கு முன்னால் நான்கு இட்லி, வடை, சாம்பார் வந்து இறங்கின. முதுகுக்கு ஒரு தலையணையும் வந்தது. தவசி எதையும் தொடவில்லை. இலையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு முகம் வெளுத்தது. "வயிறு நிறையப் போட்டுட்டு அப்புறமா ஆரம்பிப்பாங்களா அண்ணே?" என்று ஏட்டையாவிடம் மெதுவாகக் கேட்டார். ஏட்டையா தலையணையைத் தட்டிச் சரிசெய்தார்.

பரஞ்சோதி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "மேடம், நீங்க ஒரு ரவுண்ட்ஸ் போயிட்டு வாங்க. நான் இவனைப் பாத்ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்."

செண்பகவல்லியின் கை தானாகத் தொப்பியிடம் போனது. தவசி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சேதிதானே.

"மன்னிக்கவும்" என்றது நாத்தனார். "குளியலறை பூட்டப்பட்டுள்ளது."

"திற" என்றார் பரஞ்சோதி.

"இயலாது. இந்நிலையத்தின் பழைய நிகழ்வுகளைப் படித்தேன். ஏழு பேர் அக்குளியலறையில் வழுக்கி விழுந்துள்ளனர். ஏழு பேருக்கும் வலது கை முறிந்துள்ளது. இத்தனை அபாயகரமான தரைக்குள் ஒருவரை அனுப்ப எனக்கு அனுமதி இல்லை."

"அட, அதெல்லாம் ஒண்ணும் வழுக்காது. நான் சொல்றேன், திற."

"வழுக்காதா?"

"வழுக்காது!"

"அப்படியெனில் அந்த ஏழு பேர் எவ்வாறு விழுந்தனர்?"

ஏட்டையா இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே போனார். பரஞ்சோதி கறுப்புப் பெட்டியை முறைத்தார். பெட்டியை முறைத்து என்ன பயன்?

"வழுக்கும்" என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நன்றி. ஆகவே பூட்டு நீடிக்கும். வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. அதே குளியலறையை நாள்தோறும் பயன்படுத்தும் காவலர் ஒருவர்கூட இதுவரை விழுந்ததில்லை. காலணி காரணமாக இருக்கலாம்."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு, "சரி, நான் கிளம்புறேன். நீங்களே உங்க நாத்தனாரோட பேசிக்குங்க" என்று எழுந்தார்.

"அம்மையீர், ஒரு வேண்டுகோள்" என்றது அது. "அந்த ஏழு பேரும் ஆய்வாளர் ரோந்து சென்றிருந்த நேரத்திலேயே விழுந்துள்ளனர். ஆய்வாளர் நிலையத்தில் இருந்தபோது ஒருவரும் விழவில்லை. தாங்கள் இங்கே இருந்தால் தரை வழுக்குவதில்லை. காரணம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் தாங்கள் இருப்பது நல்லது."

அது குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பது போலத்தான் சொன்னது. அதனால்தான் செண்பகவல்லிக்கு அது நேராக உள்ளே போய்த் தைத்தது. முன்பு இருந்த இன்ஸ்பெக்டரும் ரவுண்ட்ஸ்தான் போயிருக்கிறார் என்று தெரிந்ததில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பரஞ்சோதி குரலைத் தாழ்த்தினார். "மேடம், இது கிடக்கட்டும். ஜீப்புல பழைய ரைஸ் மில் பக்கம் கூட்டிட்டுப் போயிடலாம். ஸ்டேஷனுக்கு வெளியில இது ஒண்ணும் கிழிக்க முடியாது."

அது உண்மை. நாத்தனாரின் அதிகாரம் காம்பவுண்டுச் சுவரோடு முடிந்தது. அதற்கு அப்பால் தடுக்க ஆள் வேண்டுமென்றால் அது செண்பகவல்லிதான். பெஞ்சிலிருந்து தவசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் பரஞ்சோதி."

"டி.எஸ்.பி. சொன்னதைக் கேட்டீங்கல்ல மேடம்?"

"கேட்டேன். நான் இன்னிக்கு ரவுண்ட்ஸ் போகலை. வெயில் ஜாஸ்தியா இருக்கு."

வீரவசனம் பேச அவருக்கு வராது. வெயில்தான் வந்தது. வெளியே அப்போது மேகமூட்டமாக இருந்தது என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

"மற்றொரு தகவல்" என்றது நாத்தனார். "தரையைச் சோதித்துச் சீரமைக்கப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் இன்னும் ஒரு மணி நேரத்தில் வருகிறார்."

"பொதுப்பணித் துறையா? ஒரு மணி நேரத்துலயா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் ஏட்டையா. தோடு காணாமல் போனதைவிட இது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஸ்டேஷன் கூரை ஒழுகுகிறது என்று எழுதிப்போட்டு, எழுதியவர் ரிட்டயர்டு ஆகி, அவர் மகன் போலீஸில் சேர்ந்த பிறகும் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

"அங்கும் ஒரு நற்றுணை உண்டு. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம்."

"எப்போ?" என்றார் பரஞ்சோதி.

"தாங்கள் 'வழுக்கும்' என்று உறுதி செய்தவுடன்."

பரஞ்சோதி, செண்பகவல்லியை வாசல் வேப்பமரத்தடிக்குக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனார். "மேடம், அது முரட்டுக் கல்லு தரை. ஓடினாக்கூட வழுக்காது. அந்த இன்ஜினீயர் அப்படி எழுதிக் கொடுத்துட்டா ஏழு பேர் கையும் எப்படி உடைஞ்சதுன்னு கேள்வி வரும். அதுல நாலு உங்க காலத்துல நடந்தது. நாலுலயும் உங்க கையெழுத்து இருக்கு."

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"கொஞ்சம் சோப்புத் தண்ணி, கொஞ்சம் எண்ணெய். அவர் வந்து காலை வச்சதும் ஒரு வழுக்கு வழுக்கணும். அவ்வளவுதான். நீங்க எதுவும் பார்க்க வேண்டாம்."

வேண்டாம் என்று சொல்ல செண்பகவல்லிக்கு வாய் வரை வந்தது. கூடவே கிரைண்டரும் மகளின் பரீட்சையும் மனசில் வந்து நின்றன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தவசிக்காக ரவுண்ட்ஸை நிறுத்தியவர்தான். தன் விஷயம் என்று வந்ததும் நின்ற இடத்திலேயே ஒரு ரவுண்ட்ஸ் போய் வந்துவிட்டார். பழக்கம் லேசில் விடுமா?

பரஞ்சோதி உள்ளே போய், "சுத்தம் செய்யணும், திற" என்றார். சுத்தம் என்றதும் நாத்தனார் மறுபேச்சில்லாமல் திறந்தது.

செண்பகவல்லி நாற்காலியை இழுத்து தவசிக்கு எதிரில் போட்டார். "முதல்ல சாப்பிடுங்க."

'சாப்பிடுங்க' என்றதில் தவசி இன்னும் பயந்தார். ஒரு துண்டு இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு அந்த வீட்டுல நீங்க என்ன பார்த்தீங்க?"

தவசி மெல்லுவதை நிறுத்தினார். "மேடம், ரெண்டு நாளா எல்லாரும் 'எங்கடா வச்சிருக்க'ன்னுதான் கேட்டாங்க மேடம். என்ன பார்த்தேன்னு நீங்கதான் மொதமொதலா கேட்கிறீங்க."

"சரி, சொல்லுங்க."

"நான் ஏணி மேல நின்னு ஃபில்டரைக் கழட்டிட்டு இருந்தேன். அந்தம்மா எங்கயோ அவசரமா கிளம்பினாங்க மேடம். 'ஸ்கேன் எடுக்கிற இடத்துல நகை நட்டு எதுவும் போடக்கூடாதாம்'னு போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டே தோட்டைக் கழட்டினாங்க. மூக்குக்கண்ணாடி வைக்கிற டப்பா இருக்குல்ல, அதுல பஞ்சோட வச்சு மூடினாங்க. டப்பாவைக் கைப்பையில போட்டாங்க. அவ்வளவுதான் மேடம் எனக்குத் தெரியும். நான் ஏணியை விட்டு இறங்கக்கூட இல்லை."

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொல்ல ஆரம்பிச்சேன் மேடம். ஜீப்புலயே 'கதை விடாதே'ன்னு ஒரு அறை விழுந்துச்சு."

செண்பகவல்லி அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் பாத்ரூமிலிருந்து மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, "ஐயோ, அம்மா!" என்று ஓர் அலறல்.

எல்லோருக்கும் முன்னால் ஓடியது தவசிதான். ஏசி வேலை பார்ப்பவருக்குத் தண்ணீர் கொட்டிய தரையில் எப்படிக் காலை வைக்க வேண்டும் என்று தெரியும். செருப்பை உதறிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். எஸ்.ஐ. பரஞ்சோதி சோப்பு நுரையில் மல்லாந்து கிடந்தார். வலது கை இருக்கக் கூடாத ஒரு கோணத்தில் இருந்தது.

ஜீப்பில் போகும் வழியெல்லாம் அந்தக் கையைத் தன் மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தது தவசி. பள்ளம் வரும்போதெல்லாம் பரஞ்சோதி கத்தினார். "ஆட்டாதீங்கய்யா, ஆட்டாம வச்சா வலி தெரியாது. இந்தா வந்துடுச்சு, அவ்வளவுதான்" என்று தவசி சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். பரஞ்சோதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டருக்கு ஆனைத்துறை ஜீப்பைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். மாவுக்கட்டுச் சாமான்களை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தவர், நேராகத் தவசியிடம் போய், "உட்காருப்பா. வலது கைதானே?" என்றார்.

"எனக்கு இல்லீங்கம்மா" என்றார் தவசி. "ஐயாவுக்கு."

டாக்டர் ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பரஞ்சோதியைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்கார வைத்தார். செண்பகவல்லி திரைக்கு இந்தப் பக்கம் நின்றார். பேச்சு நன்றாகக் கேட்டது.

"எப்படி ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

எழுதுகிற சத்தம் நின்றது. "சார், இங்க நம்ம ரெண்டு பேர்தான் இருக்கோம். பயப்படாம சொல்லுங்க. யார் அடிச்சது?"

"யாரும் அடிக்கலை டாக்டர்! நிஜமாவே வழுக்கி விழுந்தேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் டாக்டர் பரிவோடு. "சொல்லச் சொல்லி மிரட்டியிருந்தா, வேண்டாம், சொல்லாதீங்க. நான் எழுதிக்கிறேன்."

"தாயே, சத்தியமா சோப்புத் தண்ணி! என் பிள்ளைங்க மேல சத்தியம்!"

செண்பகவல்லி புடவைத் தலைப்பு இல்லாத குறைக்குக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. இதே திரைக்குப் பின்னால், இதே நாற்காலியில், நாலு பேர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய் என்று இந்த டாக்டருக்குத் தெரியும், தனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தான் எந்தத் தெருவில் என்ன ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு தெருப் பெயர்கூட ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து தவசியையும் ஏற்றிக்கொண்டு நேராகச் சேர்மன் வீட்டுக்குப் போனார். சேர்மன் மனைவி நல்ல மனுஷி, மறதிக்காரர். மூக்குக்கண்ணாடி டப்பா என்றதும், "அது பழைய டப்பாவாச்சே, கார்லதான் கிடக்கும்" என்றார். கார் டேஷ்போர்டில் கிடந்தது. திறந்தால் பஞ்சுக்கு நடுவில் இரண்டு தோடும் பளிச்சென்று இருந்தன. அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே ஓடிப்போய் காபி கொண்டுவந்து, டபராவைத் தன் கையாலேயே தவசியிடம் நீட்டி, "மன்னிச்சுக்கப்பா" என்றார். சேர்மன் மட்டும் காபி கொடுக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. "வீட்டுக்குள்ளயே வந்து விசாரிக்கிற அளவுக்கு ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

தவசி அங்கிருந்தே தன் வீட்டுக்குக் கிளம்பினார். கும்பிடுவதற்காக இரண்டு கையையும் தூக்கினார். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. செண்பகவல்லி அவருக்கு முன்னால் கும்பிட்டுவிட்டார்.

ஸ்டேஷனில் பொதுப்பணித் துறைப் பொறியாளர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக் காத்திருந்தார். விவரமான மனுஷர். "சோப்பை எல்லாம் கழுவிட்டேன் மேடம். முரட்டுக் கல்லு. ஆட்டுக்கல்லு கொத்தின மாதிரி இருக்கு. இதுல வழுக்கணும்னா ரொம்பப் பிரயாசைப்படணும்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "என்ன எழுதட்டும்? வழுக்குதுன்னே எழுதிடட்டுமா? எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

எழுதிவிடுங்கள் என்ற ஒரு சொல் போதும். ஆனைத்துறை பாத்ரூம் வழுக்கல் பாத்ரூமாகவே வாழ்ந்துவிட்டுப் போகும், நாலு கையெழுத்தும் பத்திரமாக இருக்கும்.

"உள்ளதை எழுதுங்க சார்" என்றார் செண்பகவல்லி.

"மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. பழசை எல்லாம் கிளறுவாங்க."

"கிளறட்டும். என் கையெழுத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பொறியாளர் எழுதியதும் அவருடைய நற்றுணை அதை எங்கெங்கே சொல்ல வேண்டுமோ அங்கெல்லாம் சொல்லிவிட்டது. டி.எஸ்.பி.யின் போன் பொறியாளர் மடித்த பேன்ட்டை இறக்கிவிடும் முன்னாலேயே வந்தது.

"தோடு கிடைச்சிடுச்சாம், சந்தோஷம்" என்றார் டி.எஸ்.பி. குரலில் சந்தோஷம் இல்லை. "அதோட நிறுத்தியிருக்கலாம்ல? பாத்ரூம் தரையைப் பத்தி என்னத்தை எழுத விட்டீங்க? ஏழு கேஸும் திறக்கும். முதல்ல மாட்டுறது நீங்கதான். தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"ஆமா சார்."

டி.எஸ்.பி. ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னார். "சரிம்மா. உங்களை நான் நல்லா கவனிச்சுக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. பொறியாளர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். ஏட்டையா, செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், காலியாக இருந்த லாக்கப்பைப் பெருக்க ஆரம்பித்தார்.

செண்பகவல்லி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பயமாகத்தான் இருந்தது. அந்த அட்டைப்பெட்டியைப் போட்டிருக்க வேண்டாம், இப்போது கிரைண்டரை எதில் கட்டுவது என்று ஒரு யோசனை. மகளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு யோசனை. ஆனால் தொப்பி மேசைமேலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

எதிர்க் கடைக்காரர் உள்ளே வந்து மேசைமேல் ஒரு டீயும், இலைத் துண்டில் இரண்டு மெதுவடையும் வைத்தார். சட்னி தனியாக. பின்னாலேயே அவர் கடைப் பையன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து ஓரமாக வைத்துவிட்டுப் போனான். பெட்டி நல்ல கெட்டி. கிரைண்டர் தாராளமாக உள்ளே போகும்.

"யாருங்க சொன்னது?" என்றார் செண்பகவல்லி.

கடைக்காரர் கறுப்புப் பெட்டியைக் கைகாட்டினார்.

"துணைக் கண்காணிப்பாளர் அவர்களின் உத்தரவு" என்றது நாத்தனார். "தங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிவித்தார். பெட்டி, முன்னெச்சரிக்கையாக. தேவைப்படாமலும் போகலாம்."

செண்பகவல்லி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். துடைத்துக்கொண்டு, கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, ஏட்டையாவுக்குக் கேட்காமல் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. கவனிக்கிறதுன்னா இங்க என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நாத்தனார் உடனே பதில் சொல்லவில்லை. அது யோசித்து யாரும் பார்த்ததில்லை.

"டீ ஆறிப்போவுது மேடம்" என்றது. "வடையைத் தொடவே இல்லையே நீங்க. சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க."

செண்பகவல்லி நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார். லாக்கப்பில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஏட்டையாவின் காதில் விழுந்திருக்க வேண்டும்.

செண்பகவல்லி வடையைப் பிட்டு, சட்னியில் தொட்டுக்கொண்டார்.